எத்தனாவது ஆகட்டும்

ஜூலை 14, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். காற்று வேறு. பட்டறைக் கூரையில் ஒரு தகடு படபடக்கிறது. ஹெல்பர் ரங்கசாமியிடம் சொல்லி ஆணி அடிக்க வேண்டும்.

இந்த நோட்டு நான் வாங்கியதில்லை. ஊதா அட்டை, கூரியரில் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் தலையில் அச்சடித்திருக்கிறது: ‘இன்று நான் நன்றி சொல்லும் மூன்று விஷயங்கள்’. எழுதியதை யாரும் வாங்கிப் பார்க்கமாட்டார்களாம். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பேனாவைத் திறந்தேன்.

வகுப்பின் பெயர் ‘உள்ளிருந்து உயர்வு’. தொழில் செய்பவர்களுக்கு ஏழு நாள், காலை ஆறு முதல் ஏழு வரை, ஃபோனில். மனநிலை, தன்னம்பிக்கை, வீடியோ போட்டு வியாபாரத்தைப் பெருக்குவது. நடத்துபவர் ‘கோச் பொன்ஸ்’. அதாவது பொன்னுசாமி. என் மனைவி சாந்தியின் அண்ணன், என் மச்சான். பதினோரு வருடம் இதே பட்டறையில் கூட்டாளி. ஏழு வருடமாக நான் முகம் பார்க்காத ஆள்.

என்னைச் சேர்த்துவிட்டது என் மகள் நிவேதா. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஜனவரியிலிருந்து பட்டறையைப் பார்த்துக்கொள்கிறாள். விற்பனை அவள், இயந்திரம் நான். மாமாவுக்காக வேண்டாம், எனக்காக ஏழு நாள் கேளுங்க என்றாள். கேமராவை மூடி வைத்துக்கொள்ளலாமாம். என் பெயரில் வரமாட்டேன் என்றேன். சாந்தியின் ஃபோனைக் கொடுத்தாள். ஆக, வகுப்பில் நான் ‘சாந்தி’.

ஆறு மணிக்குத் திரையில் வந்தான். வெள்ளைச் சட்டை. பின்னால் ஒரு செடி, பிளாஸ்டிக்காகத்தான் இருக்க வேண்டும். தலைக்கு மை. “வணக்கமுங்க தொழிலதிபர்களே. உங்க மைண்ட்செட்தானுங்க உங்க மார்க்கெட்டு.” கேட்டதும் காபி கசந்தது.

நன்றி:
1. கேமரா மூடியிருந்தது.
2. மைக்கும் மூடியிருந்தது.
3. ஏழு மணிக்கு முடிந்தது.

ஜூலை 15, செவ்வாய்

சாரல் விட்டு வெயில், மறுபடி சாரல். சத்தியமங்கலத்துக்குப் போக வேண்டிய மெஷினில் ஒரு பேரிங் சத்தம். கழற்றி மாட்டியதில் அரை நாள் போயிற்று.

இன்றைய பயிற்சி: ‘நீங்கள் மன்னிக்க வேண்டியவர்களின் பட்டியல்’. எழுதினேன். என் பிராஜெக்டைத் தன் பெயரில் கருத்தரங்கில் வாசித்த பேராசிரியர். தங்கப் பதக்கம் வாங்கியவனை வாசலில் ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்த அதிகாரி. கிரகப்பிரவேசத்தில் என்னைப் பார்த்து ‘தேங்காய் மெஷின்காரர்’ என்று அறிமுகம் செய்த சகலை. பக்கத்துப் பட்டறை, வடிகால் விவகாரம். பதினான்கு பெயர் வந்ததும் பக்கம் தீர்ந்தது. பொன்னுசாமியை எழுதவில்லை. அவனுக்குத் தனி நோட்டு வேண்டும்.

சுருக்கமாக மட்டும் எழுதி வைக்கிறேன். தேங்காய் உரிக்கும் மெஷினை வடிவமைத்தது நான். பல் வைத்த இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழல வேண்டும், நார் சிக்கக்கூடாது. பல்லின் கோணம் பதினான்காவது முயற்சியில்தான் அமைந்தது. பெயர் வைத்ததும் நான்: ‘மயிலை’. மயிலைக் காளையின் அந்தச் சாம்பல் வெள்ளையைத்தான் பெயின்ட் கடையில் கலக்கச் சொல்லி வாங்கினேன். பொன்னுசாமி விற்றான். நன்றாகவே விற்றான், அதை மறுக்கவில்லை. ஒரு நாள் தனியாகப் போகிறேன் என்றான். போகும்போது பெயரைத் தூக்கிக்கொண்டு போனான். வடக்கே எங்கேயோ செய்த மட்ட ரக மெஷினுக்கு அந்தப் பெயரை ஒட்டி விற்று, இரண்டே வருடத்தில் அதை நாறடித்தான். பிறகு ‘தோல்வியிலிருந்து எழுந்தவன்’ என்று கோச் ஆனான். அவன் ரீல் ஒன்றில் நானும் வருகிறேன், பெயர் இல்லாமல்: “என் பார்ட்னர் பெரிய எஞ்சினியருங்க. ஆனா எல்லாத்துக்கும் பயம்.”

பயம்.

மாலை பட்டறையில் நிவேதா வந்து பக்கத்தில் நின்றாள். பழைய கம்பெனி மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். திரும்ப வருகிறாயா, முன்பைவிடப் பெரிய பொறுப்பு, அடுத்த திங்கள் மாலை ஐந்துக்குள் மெயிலில் பதில் வேண்டும் என்றாராம். நான் உருளையை வெர்னியரில் அளந்துகொண்டிருந்தேன்.

“போகட்டுமாப்பா?”

“ஆகட்டும் கண்ணு.”

கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். வேறென்ன சொல்ல? படித்த பெண்ணிடம் போகாதே என்று கெஞ்சவா? இருபத்தாறு வருடம் என் கூடவே வளர்ந்தவளுக்கு இது புரியாதா?

அளவைக் குறிக்க மறந்துவிட்டேன். மறுபடி அளந்தேன்.

ஜூலை 16, புதன்

பயிற்சி: உங்களையே அறுபது விநாடி வீடியோ எடுங்கள், சத்தத்தை மூடிவிட்டுப் பாருங்கள், அந்த முகத்திடம் நீங்கள் பொருள் வாங்குவீர்களா?

யாருமில்லாத நேரமாகப் பார்த்து ஸ்டோர் ரூமில் எடுத்தேன். பல்லின் கோணத்தைப் பற்றிப் பேசினேன். சத்தமில்லாமல் பார்த்தேன். யார் மேலேயோ புகார் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தவன் மாதிரி ஒரு ஆள் வாயசைக்கிறான். அழித்துவிட்டேன்.

வாங்கமாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் பொ. கேட்டது சரியான கேள்வி. எரிச்சலாக இருக்கிறது.

மதியம் அன்னூரிலிருந்து ராமசாமி அண்ணன் வந்தார். தென்னந்தோப்புக்காரர், அறுபது தாண்டியவர். மெஷின் டிராக்டரில் ஓட வேண்டும், ஆடிப்பெருக்குக்குள் வேண்டும், பல் பித்தளையில் வேண்டும், மெஷினைப் பச்சையில் பெயின்ட் அடித்துத் தர வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நிவேதா ஜன்னலோரம் ஃபோனை நிறுத்தி வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

ரங்கசாமி ஆணி அடித்துவிட்டான். படபடப்பு நின்றது.

நன்றி: ரங்கசாமி. மற்ற இரண்டும் காலி.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. சாந்தி பிறந்தது சென்னிமலைப் பக்கம். அந்த வழக்கப்படி தேங்காயில் வெல்லமும் பொட்டுக்கடலையும் எள்ளும் அடைத்து, குச்சி செருகி, வாசலில் தீ மூட்டிச் சுட்டாள். தெருவே மணத்தது. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டிருக்கும்போது ரங்கசாமி அவன் ஃபோனை நீட்டினான்.

“ஏனுங்க, நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க.”

நேற்று எடுத்ததை நி. வெட்டி ஒட்டிப் போட்டிருக்கிறாள். அன்னூர்க்காரர் ஒன்று கேட்கிறார், நான் ‘ஆகட்டுங்க’ என்கிறேன். அடுத்ததைக் கேட்கிறார், ‘ஆகட்டுங்க’. மொத்தம் ஏழு. ஒவ்வொன்றுக்கும் கீழே அர்த்தம் எழுதியிருக்கிறாள்:

1. சரி.
2. கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.
3. முடியாது.
4. உட்காருங்கள், டீ வருகிறது.
5. உங்களுக்கு வேறு வேலை இல்லையா?
6. உங்கள் இஷ்டம். பிறகு என்னிடம் வரக்கூடாது.
7. கிளம்புங்கள்.

கீழே கருத்துகளாகக் கொட்டிக் கிடக்கிறது. ‘எங்க அப்பாருங்க இவரு.’ ‘எங்க ஊட்ல மூணாவதுதான் அதிகமுங்க.’ ‘ஆறாவது கேட்டா எங்க மாமனார் ஞாபகம்.’ ‘மெஷின் நல்லா இருக்குது, எங்கீங்க பட்டறை?’

வெளியூர்க்காரர் ஒருவர்: ‘எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?’ அதற்கு யாரோ: ‘முடியாதுங்க. அதுதான் எங்க பிரச்சனையே.’

நி.யைக் கூப்பிட்டுக் கத்தினேன். கேட்காமல் எப்படி எடுக்கலாம், கேட்காமல் எப்படிப் போடலாம்.

“உங்ககிட்டக் கேட்டேன்பா. நேத்து சாயங்காலம். ஆகட்டும்னீங்க.”

யோசித்துப் பார்த்தேன். ஏதோ கேட்டாள். கிரைண்டிங் வீல் ஓடிக்கொண்டிருந்தது. ஆகட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். நான் சொன்னது இரண்டாவது.

“சிரிக்கறாங்கப்பா. கேலி பண்ணல. ரெண்டும் வேற.” எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. அன்னூர்க்காரர் மட்டும் ஃபோனில் கூப்பிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருக்குக் கோபமே இல்லை. திங்கட்கிழமை தோப்புக்கு மெஷினைக் கொண்டு வந்து ஓட்டிக் காட்டச் சொன்னார். பொள்ளாச்சியிலிருந்தும் இரண்டு பேர் விசாரித்தார்கள். ஆறு மாதத்தில் விசாரிப்பு இப்படி வந்ததில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

காற்று. கண்ணில் தூசி.

வகுப்பில் பொ. அந்த ரீலைப் போட்டுக் காட்டினான். ‘இப்படித்தானுங்க இருக்கணும், உண்மையா இருக்கணும், நடிக்கக்கூடாது’ என்று பேசினான். இது யார், தனக்கு என்ன உறவு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடிந்த பிறகும் ஒரு விநாடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தண்ணீர் குடித்தான்.

அடுத்துப் பாடம்: ‘இல்லை என்று சொல்லப் பழகுங்கள்’. அவன் சொன்னது, கிட்டத்தட்ட அப்படியே: “நம்ம ஊர்ல மரியாதைன்னு நெனச்சுட்டு மனசுல இருக்கறதை முழுங்கிப்போடறோமுங்க. எதிர்ல இருக்கறவன் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா அவனைக் குத்தம் சொல்றோம். முழுங்குனது யாருங்க?”

யாரை மனதில் வைத்துச் சொன்னான் என்று தெரியாதா எனக்கு?

அந்தக் கொதிப்போடேதான் பட்டறைக்குப் போனேன். அங்கே நி. வந்தாள். கையில் எதுவும் இல்லை, ஃபோன்கூட இல்லை.

“அப்பா, செவ்வாக்கிழமை ஒரு ஆகட்டும் சொன்னீங்களே. பெங்களூருக்கு. அது எத்தனாவது ஆகட்டும்?”

ரங்கசாமி கிளுக்கென்று சிரித்தான். வெல்டர் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. நான் பார்த்தேன், சிரிக்கவில்லை. ஆனாலும் ஊரே என்னை வைத்துச் சிரிக்கிற வாரத்தில் பெற்ற பெண்ணும் எண்ணிக்கை கேட்கிறாள் என்று உச்சந்தலைக்கு ஏறியது.

“ஒண்ணாவது,” என்றேன்.

ஒன்றாவது என்றால் சரி. போ.

“சரிங்கப்பா,” என்றாள். அவளாகவே ஸ்பானர்களை எடுத்து அளவு வாரியாகப் பலகையில் மாட்டினாள். எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டுத்தான் போனாள்.

நன்றி: எதுவுமில்லை. அச்சடித்தவனுக்கு என்ன தெரியும்?

ஜூலை 19, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றி நினைத்துக்கொள்வேன்.

வகுப்பு முடிந்தது. சாந்தியின் ஃபோன் என் கையில். வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது, பொ.விடமிருந்து, தங்கைக்கு: ‘அம்மணி தினமும் கிளாசுக்கு வர்றே சந்தோசம் மாப்ள எப்படி இருக்காரு’.

அப்படியே மூடி வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

‘நன்றாக இருக்கிறார், அண்ணா.’ என்று அடித்தேன்.

‘நிவேதா ரீல் பார்த்தேன் மாப்ள கொஞ்சம் எளச்சுட்டாரு’.

ஏழு வருடம் தொண்டையில் கிடந்ததை அவன் தங்கை பெயரில் கேட்டேன்: ‘அன்றைக்கு ஏன் அண்ணா மெஷின் பெயரை எடுத்துக்கொண்டு போனாய்? அவர் வைத்த பெயர் அல்லவா அது?’

பதில் வர நேரமாயிற்று. டைப் அடிக்கிறான், நிறுத்துகிறான், மறுபடி அடிக்கிறான். வந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்:

‘கேட்டுட்டுத்தான் எடுத்தேன். பட்டறைல லேத்து பக்கத்துல நின்னுட்டு மாப்ள பேரை நான் எடுத்துக்கட்டுங்களான்னேன். ஆகட்டுங்கன்னாரு. அதுக்கப்புறமும் மூணு நாள் எதுத்தாப்புல பேக்கரில வந்து உக்காந்தேன். மனசு மாறி வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு. சொல்லியிருந்தா வெச்சுட்டுப் போயிருப்பேன். கூப்பிடவே இல்ல.’

ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்றைக்கு நான் சொன்னது ஆறாவது. உன் இஷ்டம், பிறகு என்னிடம் வரக்கூடாது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஆறாவதும் ஒன்றாவதும் வேறு என்று தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் வசதியானதை எடுத்துக்கொண்டான். மன்னிப்பெல்லாம் கிடையாது. பெயரை நாறடித்தது நாறடித்ததுதான்.

ஆனால் அந்த மூன்று நாள்.

பேக்கரி வாசலில் அவன் வண்டி நின்றது. மூன்று நாளும் நின்றது. முதல் நாள் டீ கிளாஸோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய் லேத்தைப் போட்டேன். சத்தம் வேண்டும் என்பதற்காகவே போட்டேன், கடைவதற்கு அதில் எதையும் மாட்டியிருக்கவில்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சாந்தியிடமும்.

ஜூலை 20, ஞாயிறு

மழை இல்லை. மேகம் மட்டும்.

இரவெல்லாம் அந்த மூன்று நாள். விடிந்ததும் வேறு ஒரு கணக்கு. செவ்வாய்க்கிழமை ஆகட்டும் என்றேன். வெள்ளிக்கிழமை ஒன்றாவது என்றேன். நாளை மாலை ஐந்து மணிக்கு அவள் மெயில் போய்விடும். பொன்னுசாமிக்குச் செய்ததையே நிவேதாவுக்கும் செய்திருக்கிறேன். அவன் வசதிக்காகத் தவறாக எடுத்துக்கொண்டான் என்றாவது சொல்லலாம். இவளுக்கு என்ன வசதி? இவள் கேட்டாள். எண் போட்டுக் கேட்டாள்.

இன்று அவளிடம் பேச முயன்றது:

காலை எட்டரை. சமையலறை. “நிவேதா.” “என்னப்பா?” “சாப்பிட்டியா?” தோசை அவள் தட்டில்தான் இருந்தது.

பதினொன்று. வாசல். “அம்மணி, நாளைக்கு அன்னூருக்கு...” “சொல்லுங்கப்பா.” “வண்டிக்குக் காத்து அடிச்சாச்சா?”

மாலை நான்கு. மொட்டைமாடி, துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு போர்வையை மடித்துக் கொடுத்தேன்.

டிசைன் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவேன். ஒரே ஒரு வினைச்சொல்லைச் சொல்ல வரவில்லை.

கீழே வந்தால் சாந்தி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“ஏனுங்க, என் ஃபோன்ல நான் எழுதாததெல்லாம் இருக்குது.”

மறைத்துப் பயனில்லை. சொன்னேன். லேத் விஷயத்தையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

“அண்ணங்கிட்ட அது நான் இல்லண்ணான்னு சொன்னேன். அவருக்கு முன்னாடியே தெரியுமாமுங்க.”

“எப்படி?”

“நான் என்னிக்குப் புள்ளி, கமா எல்லாம் வெச்சு எழுதியிருக்கேன்? மொத வரி வந்தப்பவே இது மாப்ளைன்னு தெரிஞ்சுபோச்சாம்.”

ஆக, அந்தப் பதிலை அவன் எனக்குத்தான் எழுதியிருக்கிறான். கழுவின டம்ளரை மறுபடி கழுவினேன்.

சாந்தி சொன்னாள்: “என்னைப் பொண்ணு பாக்க வந்துட்டுப் போறப்பவும் ஆகட்டுங்கன்னுதான் சொல்லிப்போட்டுப் போனீங்க. எங்கப்பாவுக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. ஊடே உக்காந்து அதுக்கு அர்த்தம் பாத்துட்டு இருந்துச்சு. அண்ணந்தான் சொன்னாரு, இது சம்மதம்தான்னு.”

அண்ணன்தான். அன்றைக்குச் சரியாகப் புரிந்துகொண்டவனும் அவனேதான்.

நிவேதாவிடம் நீயே சொல்லிவிடு என்று கேட்டேன். முடியாது என்றாள். யோசிக்கவே இல்லை. எனக்கு இத்தனை வருடம் வராத சொல் அவளுக்கு அவ்வளவு சுலபமாக வருகிறது.

ஏழாம் நாள் வகுப்பைக் கேட்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

காலை எட்டுக்கு மினி லாரியில் மெஷின் ஏறியது. நி., ரங்கசாமி, டிரைவர். நான் வாசல் கேட்டருகே. மெயில் என்று ஆரம்பித்தேன். அடித்து வைத்துவிட்டாளாம். தோப்பில் மெஷினை ஓட்டிக் காட்டுவதுதான் தன் கடைசி வேலை, அதை முடித்துவிட்டு ஐந்து மணிக்கு அனுப்பிவிடுகிறேன் என்றாள். லாரி நகர்ந்தது. கையைத் தூக்கினேன். டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து அவளும் காட்டினாள்.

பொள்ளாச்சி ஆள் ஒருவர் பட்டறைக்கு வருவதாக இருந்தது. பதினொன்றரைக்கு வந்தார், மூன்று மணிவரை விடவில்லை. ரீலில் பார்த்த ஆளை நேரில் பார்க்க வந்திருக்கிறார். கிளம்பும்போது “ஒரே ஒரு ஆகட்டுங்க சொல்லுங்க” என்று ஃபோனை முகத்துக்கு நேராக நீட்டினார். முடியாது என்றேன். சாதாரணமாக வந்துவிட்டது. அவர் முகம் ஒரு மாதிரியானது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வேகத்திலேயே நி.யைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் எப்படிக் கேட்கும்?

3.20க்குக் காரை எடுத்தேன். சத்தி ரோடு. சரவணம்பட்டி சிக்னலில் மூன்று தடவை சிவப்பு. கோவில்பாளையத்தில் சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு தண்ணி லாரி வழி விடவே இல்லை, அவனையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அன்னூர் தாண்டும்போது 4.25. தோப்புக்கு எந்த மண் பாதை என்று தெரியாமல் இரண்டு தடவை திரும்பினேன். கடைசியில் மெஷின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். என் மெஷின் சத்தம் எனக்குத் தெரியும்.

4.40. தென்னைகளுக்கு நடுவே மெஷின். ராமசாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே காய் போட்டுக்கொண்டிருந்தார். ரங்கசாமி மட்டையை ஒதுக்குகிறான். நி. ஸ்டாண்டில் ஃபோனை மாட்டி, அதன் பின்னால் குனிந்து நிற்கிறாள். தலைமுடியெல்லாம் நார்த்தூள்.

நேரே போய் மெஷின் சுவிட்சை அணைத்தேன். அமைதியாகிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எதுக்கு அணைச்சீங்க, பல்லு கில்லு போச்சுங்களா என்றார் அன்னூர்க்காரர்.

“நிவேதா,” என்றேன்.

“என்னப்பா? என்னாச்சு? அம்மாவுக்கு ஏதாச்சும்...”

“போகாதே.”

அவள் ஸ்டாண்டை விட்டு நிமிர்ந்தாள். சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன்.

“பெங்களூருக்குப் போகாதே. இங்கேயே இரு. நீ இல்லாட்டி என்னால முடியாது. வெள்ளிக்கிழமை சொன்னது பொய். கோபத்துல சொன்னேன்.”

ஒரே மூச்சில் ஐந்து வாக்கியம். ரங்கசாமி மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கீழே போடாமல் நின்றான்.

நி. என்னைப் பார்த்தாள், ஃபோனைப் பார்த்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்ததில் நார்த்தூள் கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது.

“அப்பா, ரெக்கார்ட் ஆயிட்டிருக்கு.”

“ஆகட்டும்,” என்றேன்.

அன்னூர்க்காரர் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்: “ஏனுங்க, இது எத்தனாவது ஆகட்டுமுங்க? அந்த ஏழுல இதைக் காணமே?”

நி. வந்து சுவிட்சைப் போட்டாள். நான் காய் எடுத்துக் கொடுத்தேன், அவள் போட்டாள். குவியல் பாதியாகக் குறைந்தபோது ரங்கசாமி மணி ஐந்தேகால் என்றான். மெயில் போகவில்லை.